நோய் வர வேண்டிய நேரம்

நாரணாபுரம் போகிற ரோட்டில் இருந்த ராஜகனியம்மாள் தாய்சேய் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு நோய் வருவதென்றால், அது காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற சமயத்தில் வர வேண்டும். மற்ற நேரத்தில் வருகிற நோயை ஆஸ்பத்திரி ஒப்புக்கொள்வதில்லை. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் அதைத் திருத்தவும் வழியில்லாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியைக் கட்டியவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி காளிராஜ். செத்துப்போன தாயார் பேரில் கட்டினார். நடத்தியவர் பெரிய டாக்டர் கனகசபாபதி. அவர் வருவதற்கு முன்னால் பினாயில் வாசனை வரும். அதற்கு முன்னால் வாட்ச்மேன் வந்து, கட்டில் ஓரத்தில் இருக்கிற சொந்தக்காரர்களை வேப்பமரத்தடிக்கு விரட்டுவான். பிறகு நர்ஸுகள் குழந்தைகளை வெள்ளைத் துணியில் கழுத்துவரைக்கும் இறுக்கிச் சுற்றி, லோடு ஏற்றப்போகிற பட்டாசுக் கட்டுகளைப் போல வரிசையாகப் படுக்க வைப்பார்கள். பெரிய டாக்டர் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, "சுகம், சுகம்" என்று சொல்லிக்கொண்டே போவார். துணிக்குள்ளே என்ன நடக்கிறது என்பது துணிக்குத்தான் தெரியும்.

உக்கிரபாண்டிக்கு இதொன்றும் தெரியாது. சாத்தூருக்குத் தெற்கே கரிசல் காட்டில் பருத்தியும் மிளகாயும் போடுகிற சம்சாரி அவன். கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக அலைந்தபிறகு, அவன் மனைவி முத்துமாரியம்மாளுக்கு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கியது. ஊர் மருத்துவச்சியை நம்பாமல் பெரிய ஆஸ்பத்திரியே நல்லது என்று பஸ் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தான். பெண்குழந்தை. பிறந்ததும் அது அழுத அழுகை வேப்பமரத்தடிவரைக்கும் கேட்டது. பொன்னுத்தங்கம் என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் முத்துமாரிக்குப் பிரசவத்துக்குப் பிறகு குளிர்காய்ச்சல் கண்டு, பால் சுரக்காமல் போனது. ஆஸ்பத்திரியில் பசும்பாலைக் காய்ச்சிச் சங்கில் ஊற்றினார்கள். குழந்தை ஆசையாகத்தான் குடித்தது.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் சாப்பாட்டு நேரம். நர்ஸுகள் யாரும் இல்லை. காய்ச்சல் மயக்கத்தில் முத்துமாரி கண்ணை மூடிக் கிடந்தாள். உக்கிரபாண்டி ஈ விரட்டியபடி தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தையின் இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக ஒதுங்கின. எதையோ கூர்ந்து பார்க்கிறது என்று நினைத்து அவன் அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே வெறும் சுவர். திரும்பினால், பால் இல்லாமலே குழந்தையின் உதடு சப்புக் கொட்டியது. கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோல மாறி மாறி மிதித்தன. பிறகு எல்லாம் நின்றது. நெஞ்சும் நின்றது. உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது.

"மாரி! ஏ மாரி! பிள்ளையைப் பாரு!"

அவன் குழந்தையை வாரித் தூக்கிக் குலுக்கினான். ஒரு விக்கலோடு மூச்சு திரும்பி வந்தது. பிறகு வீறிட்டது. நிறம் திரும்பியது. நர்ஸ் ஆவுடைத்தாய் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தபோது குழந்தை ரோஜாப்பூ மாதிரி இருந்தது.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் சத்தம் போடுதீக? நல்லாத்தான இருக்கு?"

"மூச்சு நின்னு போச்சும்மா. காலைக் காலை மிதிச்சுது. உதடு கருத்துப்போச்சு."

"பிள்ளைக கனாக் காணும். பயப்படாதீக."

"கனாக் கண்டா மூச்சு நிக்குமாம்மா?"

ஆவுடைத்தாய் கெட்டவளில்லை. குனிந்து குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். "இப்ப இருக்கே அண்ணாச்சி. இல்லாததை நான் எப்படிப் போய்ப் பெரிய டாக்டர்ட்ட சொல்ல? காலையில ரவுண்ட்ஸ்ல வந்தா, அவுகளே பாத்துக்கிடுவாக."

காலையில் ரவுண்ட்ஸ் வந்தது. பொன்னுத்தங்கத்தையும் சுற்றிக் கட்டினார்கள். உக்கிரபாண்டியை வேப்பமரத்தடிக்கு அனுப்பினார்கள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தான். பெரிய டாக்டர் தொட்டிலுக்கு நேரே வந்தபோது குழந்தையின் உதடு லேசாகச் சப்புக் கொட்டியது.

"பசிக்கிறது போல. சுகம்" என்றார் பெரிய டாக்டர்.

அவர் வாசலுக்கு வந்ததும் உக்கிரபாண்டி குறுக்கே போய்க் கும்பிட்டான். வாட்ச்மேன் தடுப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். பெரிய டாக்டர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"மூச்சை அடக்கியது யார்? குழந்தை. காலை உதைத்தது யார்? அதே குழந்தை. மூச்சு என்பது நுரையீரல் சமாசாரம். அதற்குக் கிழக்குக் கட்டிடம். வலிப்பு என்பது மூளை சமாசாரம். அதற்கு மேற்குக் கட்டிடம். இரண்டும் ஒரே குழந்தைக்கு வந்தால் அதை எந்தக் கட்டிடத்தில் படுக்க வைப்பது? யோசித்துப் பாரும். முதலில் ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு வாரும். அப்புறம் இன்னொன்று. நான் பார்க்க வேண்டும். பார்க்காமல் நோய் என்று சொல்வது விஞ்ஞானம் ஆகாது."

"நான் பாத்தேனே அய்யா."

"நீர் தகப்பன். தகப்பன் பார்த்ததைக் கணக்கில் எடுத்தால் நாட்டில் ஒரு குழந்தைகூட சுகமாக இருக்காது" என்று சொல்லிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்றைக்கு முழுக்க உக்கிரபாண்டி பிள்ளையை ஏந்திக்கொண்டு கிழக்கும் மேற்குமாக நடந்தான். கிழக்குக் கட்டிடத்தில் இருந்தவர் அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, "கால் அசைஞ்சுதுன்னு நீங்களே சொல்லுதீகளே, அப்ப இது மூச்சு இல்ல, வலிப்பு" என்று மேற்கே அனுப்பினார். மேற்குக் கட்டிடத்தில் கம்பவுண்டர் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். வலிப்பு வந்தால் கையில் கொடுக்க இரும்புச் சாவிக்கொத்து ஒன்றை அங்கே ஆணியில் மாட்டி வைத்திருந்தார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் அதைத்தான் செய்வார்கள். இங்கே அது ஆஸ்பத்திரிச் சாவி என்பதுதான் வித்தியாசம். சங்கரலிங்கம் அதை எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தார். சாவிக்கொத்து குழந்தையின் முழங்கையைவிட நீளமாக இருந்தது.

"நுரை தள்ளுச்சா?"

"இல்லய்யா."

"விறைச்சுதா?"

"இல்லய்யா. மிதிச்சுது. பொறவு மூச்சு நின்னுது."

"அப்ப இது வலிப்பு இல்ல. மூச்சு. கிழக்க போங்க" என்று சாவியைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டினார்.

இரண்டு கட்டிடத்துக்கும் நடுவே ஒரு நீளமான நடை. அதன் பாதியில் வரும்போது பொன்னுத்தங்கத்தின் கண்கள் மறுபடி ஒதுங்கின. உதடு சப்புக் கொட்டியது. கால் மிதிக்க ஆரம்பித்தது. உக்கிரபாண்டி அலறினான். கிழக்கு வாசலில் முதலில் விசாரித்தவரும் மேற்கு வாசலில் சங்கரலிங்கமும் வந்து நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் உண்மையான கலவரம் இருந்தது. ஆனால் அந்த நடை எந்தப் பிரிவையும் சேர்ந்ததில்லை.

"வாங்கய்யா, வந்து பாருங்கய்யா!"

"பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றார் சங்கரலிங்கம், ஏறக்குறைய அழுகிற குரலில். "ஆனா நான் பாத்தது செல்லாது."

அந்த நேரம் மாடிப்படியில் இறங்கி வந்தவர் சின்ன டாக்டர் லட்சுமிகாந்தம். மெட்ராஸில் படிப்பை முடித்து அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர். முகத்தில் மீசை இன்னும் சரியாக உட்காரவில்லை. அவர் ஓடிவந்து தரையிலேயே முழங்காலிட்டு, மிதிக்கிற காலைத் தன் விரல்களால் பிடித்தார். பிடிக்குள்ளேயும் கால் துடித்துக்கொண்டே இருந்தது. குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார், முதுகைத் தேய்த்தார். மூச்சு வந்தது.

"சாதாரண நடுக்கமா இருந்தா, பிடிச்சதும் நின்னுரும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார்: "என்ன பால் கொடுக்கறீங்க?"

"பசும்பாலுங்க. அவளுக்குக் காய்ச்சல்."

"வலிப்புதான். மூச்சு நிற்கிறதும் அந்த வலிப்பாலேதான். ரெண்டும் ஒண்ணு." அவர் குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, முடிச்சு அவிழ்ந்துவிட்ட சந்தோஷம். "பசும்பால் இத்தனை சின்னக் குழந்தைக்கு ஒத்துக்கலை. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போயிருக்கும். மெதுவா ஏத்தற மாதிரி ஒரு கால்சியம் ஊசி போட்டா நின்னுடும்னு நினைக்கிறேன். தாய்ப்பால் கிடைச்சா இன்னும் நல்லது."

"அப்ப போடுங்கய்யா. இப்பவே போடுங்க."

"பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

அவர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியதை உக்கிரபாண்டி பார்த்தான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வர வெகுநேரம் ஆனது. இறங்கி வரும்போது ஒவ்வொரு படியாக வந்தார்.

"உங்களைக் கூப்பிடறாங்க" என்றார்.

பெரிய டாக்டர் அறையில் உக்கிரபாண்டிக்கு நாற்காலி போட்டார்கள். காப்பி வந்தது. அவன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். பெரிய டாக்டர் எழுந்து வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

"நீர் பெரிய அதிர்ஷ்டசாலி" என்றார். "நாளை மறுநாள் நம் ஆஸ்பத்திரியின் ஆண்டுவிழா. மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் டாக்டர்கள் வருகிறார்கள். நான் பேசப்போகிற தலைப்பு என்ன தெரியுமா? பச்சிளம் குழந்தைகளில் மூச்சுத் தடையையும் வலிப்பையும் கண்டறிவது எப்படி. மூன்று மாதமாகப் படித்துத் தயார் செய்திருக்கிறேன். எல்லாம் இருக்கிறது, காட்டுவதற்கு ஒரு குழந்தைதான் இல்லாமல் இருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் இந்த நோய் ஒரு குழந்தைக்கும் வரவில்லையே என்று நான் எவ்வளவு வருத்தப்பட்டேன் என்று லட்சுமிகாந்தத்தைக் கேட்டுப் பாரும்."

லட்சுமிகாந்தம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என் பிள்ளைக்கு நோய் இருக்குன்னு ஒத்துக்கிடுதீகளா அய்யா?"

"சந்தேகமே இல்லை. அருமையான நோய்."

உக்கிரபாண்டிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கும்பிட்டான். "அப்ப அந்த ஊசி?"

பெரிய டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். "அதைத்தான் சொல்ல வந்தேன். ஊசி போட்டால் நோய் நின்றுவிடும். நின்றுவிட்டால் மேடையில் எதைக் காட்டுவது? உம் ஒரு குழந்தையைக் காட்டினால் நூறு டாக்டர்கள் கற்றுக்கொள்வார்கள். அந்த நூறு பேரும் ஆளுக்கு நூறு குழந்தையைக் காப்பாற்றுவார்கள். அத்தனை குழந்தைகளின் உயிரும் உம் கையில் இருக்கிறது. அவசரப்பட்டு அவர்களைக் கொன்றுவிடாதீர்."

அவன் வெளியே வரும்போது, பிறக்காத பிள்ளைகள் எத்தனையோ பேரின் உயிரை ஏந்திக்கொண்டு வந்ததுபோல இருந்தது. கையில் இருந்த ஒன்றின் கனம்தான் அவனுக்குத் தெரிந்தது.

முத்துமாரி காய்ச்சல் கண்களைத் திறந்து கேட்டாள். "மருந்து குடுத்தாகளா?"

"விழாவுக்குப் பொறவு குடுப்பாகளாம்."

"எந்த விழா? கோயில் கொடையா?"

"ஆஸ்பத்திரிக்கு விழா."

"நோயி இருக்குன்னு தெரிஞ்சும் குடுக்கலையா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து பொன்னுத்தங்கத்துக்கு ராஜ மரியாதை. ஜன்னலோரத் தொட்டில். சுற்றிக் கட்டக் கூடாது என்று உத்தரவு. அடுத்த கட்டிலில் ராமுத்தாய் என்று ஒருத்தி, ஆண்பிள்ளை பெற்றவள், பால் நிறையச் சுரந்து துணியெல்லாம் நனைகிறவள். நடையில் சின்ன டாக்டர் சொன்னதை உக்கிரபாண்டி அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"இதுக்கு என்னண்ணே கேக்கணும்? குடுங்க இங்கன" என்று வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள்.

ஆவுடைத்தாய் பார்த்துவிட்டாள். ஓடிவந்து பிள்ளையைப் பிரித்து எடுத்தாள். "வேண்டாந்தாயி. பாலை மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. மாத்துனா நோயி கலைஞ்சு போயிருமாம். எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு, என் வேலை போயிரும்."

பொன்னுத்தங்கம் வாயில் பாலோடு அழுதது. சங்கில் பசும்பால் வந்தது.

நோய் கலையவில்லை. முன்பு எப்போதோ வந்தது இப்போது அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் உக்கிரபாண்டி உள்ளங்காலைச் சுண்டினான், முதுகைத் தேய்த்தான், சின்ன டாக்டர் செய்ததையெல்லாம் செய்தான். ஒவ்வொரு தடவையும் மூச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று வாசல்வரை போனான். பெரிய டாக்டர் எழுத்து இல்லாமல் பிள்ளை வெளியே போகக் கூடாது என்று வாட்ச்மேன் கதவை மறித்தான். உள்ளே முத்துமாரியால் எழுந்து உட்காரவும் முடியவில்லை.

அவன் லட்சுமிகாந்தத்தைத் தேடிப் போனான். மருந்து அறையில் தனியாக இருந்தார்.

"அய்யா, நீங்க போடுங்கய்யா. யாருக்கும் தெரியாம. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன், என் பிள்ளை மேல சத்தியம்."

லட்சுமிகாந்தம் அலமாரியில் இருந்த கண்ணாடிக் குப்பியைப் பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திரும்ப வைத்தார்.

"எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகலை" என்றார். "நாளைக்குத்தானே விழா. ஒருநாள்தான். தாங்கிக்கும். நான் பக்கத்திலேயே இருப்பேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்று உக்கிரபாண்டிக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய பயம் அவனுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

விழாப் பந்தல் வாழை, தோரணம், மைக் செட் எல்லாம் கட்டி ஜோராக இருந்தது. வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். மேடையில் பெரிய மனிதர்களின் நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் சிவப்பு வெல்வெட், அதன்மேல் பொன்னுத்தங்கம். காலுக்கருகில் ஒரு ரோஜா மாலை. உக்கிரபாண்டியை மேடைக்குக் கீழே முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

தலைமையுரை காளிராஜ். நல்ல மனிதர், சுருக்கமாகப் பேசத் தெரியாதவர்.

"எனக்கு டாக்டர் படிப்பெல்லாம் தெரியாது. நமக்குத் தெரிஞ்சது வெடி. எங்க கம்பெனியில ஒரு ஆர்டர் போகுதுன்னா, அதுல ஒரு வெடியை எடுத்து வெடிச்சுப் பாப்போம். வெடிச்சா சரக்கு நல்ல சரக்கு. வெடிக்கிறதுக்கு முன்னாடியே, இது வெடிக்கும்னு ஒருத்தன் சொன்னா நம்ம ஒத்துக்கிட முடியுமா? பெரிய டாக்டரும் அப்படித்தான். வெடிச்சுப் பாக்காம சொல்லமாட்டாரு. என்ன, வெடிச்ச வெடி திரும்ப வராது. அதுக்கென்ன செய்ய, மத்த சரக்கு தேறிருதுல்ல?"

கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே வெல்வெட்டின்மேல் கால்கள் மிதிக்க ஆரம்பித்தன. உக்கிரபாண்டி எழுந்து நின்றான்.

"அய்யா! வந்துட்டு! பிள்ளைக்கு வந்துட்டு!"

தொண்டர் ஒருவர் அவன் தோளை அமுக்கினார். "உக்காருங்க அண்ணாச்சி. உங்க பிள்ளை நிகழ்ச்சி காப்பிக்குப் பொறவு."

முதலாளி பேசி முடிப்பதற்குள் குழந்தை தானாகவே ஒரு விக்கலோடு மூச்சை இழுத்துக்கொண்டது. காப்பி கொடுத்தார்கள். யாரோ அவன் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தார்கள்.

பிறகு பெரிய டாக்டர் கையில் ஒரு கம்போடு எழுந்தார். மூளையின் படம், நுரையீரலின் படம், எல்லாவற்றையும் கம்பால் தொட்டுத் தொட்டுப் பேசினார். ஒரு குறையும் சொல்ல முடியாத பேச்சு. அவர் சொன்னதெல்லாம் சரி. பச்சைக் குழந்தைக்கு வலிப்பு பெரியவர்களுக்கு வருவதுபோல வராது, கண் ஒதுங்கும், உதடு சப்பும், கால் மிதிக்கும், சில சமயம் மூச்சு மட்டும் நிற்கும், தாயோ தகப்பனோ சொன்னால் தட்டிக்கழிக்காமல் கவனமாகக் கேட்க வேண்டும் என்றார். அந்த இடத்தில் டாக்டர்கள் குனிந்து குறிப்பெடுத்தார்கள்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி வந்தது.

பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது. "பெருமக்களே, நம் அதிர்ஷ்டம்! கண்களைப் பாருங்கள். உதடு. இப்போது கால்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்க்கலாம். இதோ, கால்கள் நின்றுவிட்டன. மூச்சும் நின்றுவிட்டது. நெஞ்சைக் கவனியுங்கள், அசைவே இல்லை. உதட்டில் நீலம் ஏறுகிறது. இப்போது நாம் குழந்தையைத் தொடக் கூடாது. தானாக மூச்சு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதுதான் பரிசோதனையின் முக்கியமான கட்டம்."

பின்வரிசை டாக்டர்கள் எழுந்து நின்றார்கள். போட்டோக்காரர் முன்னால் வந்து விளக்கை அமுக்கினார். பல்பு எரியவில்லை. "அய்யா, கொஞ்சம் அப்படியே இருக்கட்டும், வேற பல்பு போட்டுக்கிடுதேன்" என்றார். பெரிய டாக்டர் கம்பைக் குழந்தையின் நெஞ்சுக்கு நேரே நீட்டியபடி அப்படியே நின்றார்.

உக்கிரபாண்டி தொண்டர்களை உதறிக்கொண்டு மேடையேறினான். கண் கூசும்படி விளக்கு மின்னியது. அவன் பிள்ளையைத் தூக்கியபோது அது ஈரத்துணிபோலத் தொங்கியது. அதற்குள் மேடையின் மறுபக்கத்திலிருந்து லட்சுமிகாந்தம் ஓடிவந்தார். கையில் ஊசி தயாராக இருந்தது. எப்போதிலிருந்து தயாராக வைத்திருந்தாரோ. குழந்தையின் வாயில் தன் வாயை வைத்து ஊதினார். ஊதினார். பிறகு தலையில் ஒரு மெல்லிய நரம்பைத் தேடி, ஊசியை ஏற்றினார். மெதுவாக, மெதுவாக. அவர் கண்ணீர் குழந்தையின் நெற்றியில் சொட்டியது.

மூச்சு வந்தது. அழுகை மட்டும் வெகுநேரம் வரவில்லை.

பந்தலில் கைதட்டல் வானத்தைப் பிளந்தது. பெரிய டாக்டர் மைக்கை நெருங்கி, "நோயைக் கண்டறிந்த அதே மேடையில் சிகிச்சையும்!" என்றார். வாசலில் மறுபடி சரவெடி கொளுத்தினார்கள்.

அதற்குப் பிறகு பொன்னுத்தங்கத்துக்கு வலிப்பு வரவே இல்லை. உத்தரவில்லாமல் மேடையேறியதற்காக லட்சுமிகாந்தத்தின் வேலை நிரந்தரமாகவில்லை. அவர் எங்கே போனார் என்று உக்கிரபாண்டி விசாரித்துப் பார்த்தான். யாருக்கும் தெரியவில்லை. முத்துமாரிக்குக் காய்ச்சல் இறங்கியது. பிள்ளையோடு ஊருக்கு வந்தார்கள்.

மற்றப் பிள்ளைகள் தலை நிமிர்த்துகிற மாதத்தில் பொன்னுத்தங்கத்தின் தலை நிற்கவில்லை. தவழ்கிற மாதத்தில் தவழவில்லை. "சில பிள்ளைக மெதுவாத்தான் வரும்" என்று ஊர் சொன்னது. கொஞ்சநாள் கழித்து அதையும் சொல்வதை நிறுத்திவிட்டது. வெள்ளாமை வந்தது, போனது. முத்துமாரி கூழைக் கரைத்து, தலையைக் கையில் தாங்கி, ஒவ்வொரு மடக்காகத் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊட்டினாள். அம்மா என்று ஒருதரம் சொல்லமாட்டாளா என்று அவள் காத்திருந்தது உக்கிரபாண்டிக்குத் தெரியும். அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பொன்னுத்தங்கத்துக்கு ஏழு வயது நடக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. பெரிய டாக்டர் ஓய்வுபெறுகிறார், பாராட்டு விழா, அவர் காப்பாற்றிய குழந்தை மேடையில் இருக்க வேண்டும். உக்கிரபாண்டி மாட்டேன் என்றான்.

"போவோம்" என்றாள் முத்துமாரி. "அவுக ஒருதரம் பாக்கட்டும்."

பிள்ளைக்குப் புதுப்பாவாடை கட்டி, தலைசீவிப் பூவைத்துத் தூக்கிப்போனார்கள். மேடையில் உக்கிரபாண்டி நாற்காலியில் உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். விட்டால் சரிந்துவிடுவாள். பெரிய டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் அருகில் வந்து குனிந்து, மைக்கில் கேட்டார்: "பாப்பா, உன் பேர் என்ன?"

பொன்னுத்தங்கம் பந்தல் துணியைப் பார்த்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது.

"வெட்கப்படுகிறாள்" என்று பெரிய டாக்டர் சொல்ல, கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

"வெக்கமில்லய்யா" என்றான் உக்கிரபாண்டி. மைக் பக்கத்தில்தான் இருந்தது, எல்லோருக்கும் கேட்டது. "அவளுக்குப் பேச வராது. உக்கார வராது. நடக்க வராது. என்னையும் அவ ஆத்தாளையும் அவளுக்கு அடையாளம் தெரியுமான்னுகூட எங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

பந்தல் கொஞ்சம் அசைந்தது. பெரிய டாக்டர் கோபப்படவில்லை. கருணையோடு தலையசைத்தார்.

"உயிரைக் காப்பாற்றுவதுதான் அன்றைக்கு நம் பிரிவின் வேலை. அதைச் செய்துவிட்டோம். கை கால் என்பது வேறு பிரிவு. அப்படி ஒரு பிரிவு நம்மிடம் இல்லையே என்ற குறையை இந்த ஏழைத் தகப்பனார் எவ்வளவு உருக்கமாக எடுத்துச் சொன்னார்! அந்தக் கட்டிடத்துக்கு இன்றைக்கே அஸ்திவாரக் கல் நாட்டுகிறோம் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்."

இந்தத் தடவை கைதட்டல் நிற்க நேரமாயிற்று. காளிராஜ் எழுந்துவந்து உக்கிரபாண்டிக்குச் சால்வை போர்த்தினார். பிள்ளையைப் பிடித்திருந்ததால் அவனால் அதைத் தடுக்க முடியவில்லை.

கல் நாட்டும்வரை அவர்கள் நிற்கவில்லை. கோவில்பட்டி போகிற பஸ் கிடைத்தது. முத்துமாரி ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். உக்கிரபாண்டி சால்வையைச் சுருட்டிக் காலடியில் போட்டான். சாத்தூர் தாண்டியதும் ரோடு நேராகி, பஸ் வேகம் பிடித்தது. ஆடிக்காற்று ஜன்னல் வழியே முகத்தில் மோதியது. பொன்னுத்தங்கத்தின் தலைமயிர் பறந்தது. கண்கள் சுருங்கின. வாய் மெல்லத் திறந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"என்னங்க, இங்க பாருங்க" என்றாள் முத்துமாரி. "சிரிக்கா."

அவன் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். காற்றை வாய்நிறைய வாங்கி, திணறி, மறுபடி வாங்கிச் சிரித்தாள்.

அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்தது. கண்டக்டர் விசில் கொடுத்து நிறுத்தினார். உக்கிரபாண்டி எழுந்தான். பஸ் நின்றதும் காற்று நின்றது. பிள்ளையின் முகத்தில் சிரிப்பும் நின்றது. முத்துமாரி எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, இறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

அவள் அவரைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "கோவில்பட்டிக்கே போறோம். வண்டியை எடுக்கச் சொல்லுங்க, சீக்கிரம்."